ஒரு நொடி தாமதமாகத் திரும்பும் பக்கம்

செப்டம்பர் 2, திங்கள்

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. நோட்டு பள்ளிக்கூடத்துடையது, பாடக்குறிப்பு எழுதக் கொடுத்தது. முன்பக்கத்திலிருந்து பாடம், பின்பக்கத்திலிருந்து நான். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடந்துவிடவும் இல்லை. ஆனால் ஆசிரியர் அறையில் வாயைத் திறந்தால் குரல் கம்மிவிடுகிறது. கையாவது பேசட்டும்.

இந்த வருஷம் எங்களுக்குப் புதுப் பாடத்திட்டம். ஒரு நிறுவனத்திடம் வாங்கியது. தடித்த நீல அட்டை வழிகாட்டி, நாள் 1 முதல் நாள் 180 வரை. தடித்த எழுத்தில் இருப்பதை நான் சொல்ல வேண்டும். சாய்ந்த எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகள் சொல்வார்களாம். கரும்பலகையின் வலது மூலையில் நாள் எண் எழுதியிருக்க வேண்டும். இன்று நாள் 58. ஒருங்கிணைப்பாளர் ஜன்னல் வழியாக அந்த மூலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் காலண்டர் சார்.

இன்றைய பக்கத்தில், “மாணவர்கள் மகிழ்ச்சியுடன் சிரிப்பார்கள்” என்று இருந்தது. அடுத்த வகுப்பறையில் நாலாம் வகுப்பின் மற்ற பிரிவை நடத்தும் அக்கா மதியம் கேட்டார்: “ஏம்மா, உன் பிள்ளைங்க சிரிச்சுதா? என்னுது ஒண்ணும் சிரிக்கல. கிச்சுக்கிச்சு மூட்டணுமான்னு காலண்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன்.”

நான் சிரித்தேன். கேட்கவில்லை. நான் எங்கே கேட்கப் போகிறேன்.

செப்டம்பர் 4, புதன்

என் வகுப்பில் முப்பத்தாறு பேர். வாசிப்பு நேரத்தில் நான் ஒருமுறை வாசித்துக்காட்டிய பிறகு எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிக்க வேண்டும், அதுதான் முறை. முன்னால் இழுத்துக்கொண்டு போவது ஒரே குரல். சுவரோரம் மூன்றாம் பெஞ்சுப் பெண். கணீரென்று, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி. பிள்ளைகள் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் பெருமை.

நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பிள்ளையின் பெயர், எதிரே “வாசித்தாள்” என்று ஒரு கட்டம். அவள் கட்டத்தில் நான் யோசிக்காமல் டிக் போடுவேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று ஒன்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பாடத்தின் நடுவில் பக்கம் திருப்ப வேண்டி வந்தது. முப்பத்தைந்து பக்கங்கள் ஒன்றாகத் திரும்பின. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு ஒரு பக்கம் மட்டும் திரும்பியது. ரேடியோவுடையது. குரல் நிற்கவே இல்லை. ஆனால் கண் பக்கத்துப் பெண்ணின் கையில் இருந்தது. விரல் இருந்தது வேறு வரியில்.

அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும். பழக்கமான நொடி. அம்மா துணி தேய்க்கும் சலவைக்கடையில் ஒருமுறை எல்லோருக்கும் அச்சடித்த விதிமுறைத் தாள்களைக் கொடுத்து, முதலாளியின் மகன் வாசித்து விளக்கினார். நான் வாசலில் நின்றிருந்தேன். அம்மா தாளைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். எல்லோரும் திருப்பிய பிறகு திருப்பினாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டதற்கு, “பக்கத்துல நிக்கிறவ கையைப் பாத்துக்குவேன்டி. கஷ்டமா என்ன?” என்றாள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எழுத்துத் தெரியாதவரை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இவளைக் கண்டுகொள்ள மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

மதிய இடைவேளையில் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். நாள் 12 பாடத்தை எடுத்து, வாசி என்றேன். கடகடவென்று சொன்னாள். நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்றேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். “இல்லம்மா, இது மட்டும்.”

ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “சொல்லாதீங்க மிஸ்” என்றாள்.

“யார்கிட்ட?”

“யார்கிட்டயும். அப்பாகிட்டயும். புள்ளைங்ககிட்டயும். பெரிய மிஸ்கிட்டயும்.”

சொல்லமாட்டேன் என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் வாக்குக் கொடுத்தேன்? அவளுக்காகவா? பட்டியலில் அறுபத்துமூன்று டிக் என் கையெழுத்தில் இருக்கிறதே, அதற்காகவா?

செப்டம்பர் 10, செவ்வாய்

நான் படித்தபோது கல்வியியல் தேர்வில் பதினைந்து மார்க் கேள்வி: பாடத்திட்டத்தின் வகைகளை விளக்குக. எழுதப்பட்ட பாடத்திட்டம், கற்பிக்கப்படும் பாடத்திட்டம், சோதிக்கப்படும் பாடத்திட்டம், மறைந்திருக்கும் பாடத்திட்டம். கடைசியதற்கு, பிள்ளைகள் வரிசையில் நிற்பதால் ஒழுங்கு கற்கிறார்கள் என்று உதாரணம் எழுதினேன். பதினான்கு வாங்கினேன். போன ஒரு மார்க் அங்கேதான் போயிருக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிப்பது எப்படி என்று நாங்கள் தினமும் நாற்பது நிமிஷம், கோரஸாக, கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வழிகாட்டியில் அது எந்த எழுத்திலும் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

தினமும் வாசிப்பு நேரத்திலிருந்து பதினைந்து நிமிஷம் திருடுகிறேன். மற்றவர்களுக்குப் படம் வரையச் சொல்லிவிட்டு அவளோடு உட்கார்கிறேன். ‘ட’, ‘ப’, ‘ம’. இன்று “படம்” என்று தானாகக் கூட்டினாள். கூட்டிவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், ஏமாற்றுகிறேனோ என்று. பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, “அதுவா மிஸ்?” என்றாள்.

அதுதான் என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். பலகை மூலையில் 67. அக்காவின் வகுப்பில் 69.

காலண்டர் சார் உள்ளேயே வந்துவிட்டார். “ரெண்டு நாள் எங்கம்மா போச்சு?”

தொலைத்த குடையைக் கேட்பதுபோல் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “சில பிள்ளைகளுக்கு... இன்னும் கொஞ்சம்...” என்றேன்.

“எந்தப் பிள்ளை? உங்க நோட்டுல எல்லாருக்கும் டிக் இருக்கே.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டை மூடினேன்.

செப்டம்பர் 18, புதன்

பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். தலைமை ஆசிரியை அறையில் மின்விசிறி சத்தத்துக்கு மேல் என் குரல் எழும்பாது என்று, சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி எடுத்துப் போனேன். “தினமும் அரை மணி நேரம் திட்டத்துக்கு வெளியே வேண்டும்.” அவ்வளவுதான்.

அவர் கோபக்காரர் அல்ல. அதுதான் இன்னும் கஷ்டம். “உன்னைத் தப்பு சொல்லலம்மா. அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து பாக்க வர்றாங்க. எல்லா வகுப்பும் ஒரே நாள்ல இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது” என்றார்.

சரி மிஸ் என்றேன். வழிகாட்டியில் சாய்ந்த எழுத்தில் இருப்பதுபோல. துண்டுத்தாள் கைக்குள் நனைந்துபோயிருந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

பதினைந்து நிமிஷம் போய்விட்டது. மதியத்தில் அவளை நிறுத்திவைக்கலாம் என்றால், வழிகாட்டியின்படி முடிக்க வேண்டிய கணக்குத் தாள்களை அப்போதுதான் திருத்துகிறேன். இன்றும் ஒரு நாள் பின்னால்தான் இருக்கிறேன். அவள் வாசலில் வந்து நின்றாள். “இன்னிக்கு இல்லையா மிஸ்?” நாளைக்கு என்றேன்.

செப்டம்பர் 24

நாளைக்கு என்றேன்.

செப்டம்பர் 26, வியாழன்

வந்தார்கள். மூன்று பேர், ஒருவர் கையில் கேமரா. நாள் 76. நான் நேற்றைய பாதியை முடிக்காமலே பலகையில் 76 என்று எழுதிவிட்டேன். வந்த அதிகாரி, “இன்னிக்குப் பாடத்தை யாராவது ஒருத்தர் வாசிங்க” என்றார். முப்பத்தைந்து விரல்கள் சுவரோரத்தைக் காட்டின. “ரேடியோ! ரேடியோ!”

என் வகுப்பில் இன்னும் தொடாத பாடம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன்: ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. இப்போது தெரிந்துவிடும், நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் எழுந்தாள். புத்தகத்தைப் பிடித்தாள். ஒரு பிசிறு இல்லாமல் முழுப் பக்கத்தையும் சொன்னாள்.

சுவர். அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் அக்காவின் வகுப்பு. அவர்கள் எங்களுக்கு முன்னால் இருந்ததால், காலையிலேயே இந்தப் பாடத்தைக் கோரஸாக மூன்று முறை வாசித்திருக்கிறார்கள். இவள் சுவர் வழியே கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். அவளுக்காக நான் பின்தங்கினேன். பின்தங்கியதால்தான் அவள் தப்பித்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். படம் பிடித்தார்கள். பெரிய மிஸ் என் தோளைத் தட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் கைதட்டினேன்.

நானும் கைதட்டினேன்.

அக்டோபர் 3, வியாழன்

காலாண்டு மொழித் தேர்வு. இதுவரை பார்க்காத பத்தி ஒன்று, கீழே ஐந்து கேள்விகள். யாரும் உரக்க வாசிக்கவில்லை. வகுப்பில் பேனாச் சத்தம் மட்டும்.

அவள் ஓரக்கோடு போட்டாள். அழகாக, அளவுகோல் வைத்து. பெயர் எழுதினாள், அது அவளுக்குத் தெரியும். பிறகு கைகட்டி உட்கார்ந்தாள், மணி அடிக்கும்வரை.

அக்டோபர் 8, செவ்வாய்

விடைத்தாளைப் பெரிய மிஸ் மேஜையில் விரித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் கணினியில் அந்த வீடியோ. “இப்படிப் படிக்கிற பிள்ளை ஒரு வரி எழுதலன்னா என்ன அர்த்தம்? திமிர்தானே? படம் எடுத்ததும் தலைக்கேறிடுச்சு.” அப்பாவை வரச் சொல்லியாயிற்று.

நான் சொல்ல வாயெடுத்தேன். “மிஸ், அவளுக்கு...” அதற்குள் தொலைபேசி அடித்தது. அடிக்காமல் இருந்தால் சொல்லியிருப்பேனா?

அக்காவிடம் மட்டும் சொன்னேன். “என் வகுப்புல இப்படி நாலு பேர் இருக்காங்கம்மா” என்றார். “கோரஸ்ல தெரியாது. நானும் டிக் போட்டுட்டுத்தான் இருக்கேன்.” அவர் கேலி செய்யாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

அவள் அப்பா வந்தார். வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகள். நாற்காலியில் ஒட்டிவிடும் என்று உட்கார மறுத்துவிட்டார்.

“வீட்ல பொஸ்தகத்தை முழுசா ஒப்பிக்கிறா மிஸ். தெரியாம இல்ல” என்றார். அவளைத் திருப்பி நிறுத்தி, “ஏண்டி எழுதல? சொல்லு. கை வலிச்சுதா? பேனா தேஞ்சுபோச்சா?”

அவள் தரையைப் பார்த்தபடி, “எழுத மாட்டேன்னுதான் எழுதல” என்றாள்.

தெரியாது என்று சொல்வதைவிட மாட்டேன் என்று சொல்வது அவளுக்கு லேசாக இருந்திருக்கிறது. இதை எங்கே கற்றாள் என்று நான் யாரைக் கேட்பது.

அப்பா ஓங்கிய கையைப் பெரிய மிஸ் தடுத்தார். அப்பா களைத்துப்போய்ச் சொன்னார்: “அடுத்த ஊர்ல எங்கக்கா இருக்கா, கண்டிப்பானவ. அங்க சேத்துடறேன். சர்டிபிகேட் குடுத்துடுங்க.”

நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, “நீங்க சொல்லல மிஸ்” என்றாள். நன்றி சொல்கிறாளா, குற்றம் சொல்கிறாளா? வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

வாசிப்பு நேரத்தில் கோரஸ் எழும்பவில்லை. முன்னால் இழுக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு பக்கம் முனகினார்கள். அப்போதுதான் கேட்டது. இன்னும் ஐந்தாறு பேர் வெறுமனே வாயசைக்கிறார்கள். பலகை மூலையில் எண் எழுத மறந்துவிட்டேன். காலண்டர் சார் வந்து அவரே எழுதிவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் அவளுடைய மாற்றுச் சான்றிதழைப் பார்த்தேன். இன்னும் கையெழுத்தாகவில்லை. நாளைக் காலை அப்பா வாங்க வருகிறாராம். நடத்தை என்ற இடத்தில்: “நன்றாக வாசிக்கத் தெரிந்தும் வேண்டுமென்றே தேர்வு எழுதவில்லை.” புதுப் பள்ளியில் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்ப்பார்கள். அவளால் மட்டும் இதை வாசிக்க முடியாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை மடித்துக்கொண்டே கேட்டாள். “சொல்லமாட்டேன்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேம்மா” என்றேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு தெரிஞ்சும் அப்படித்தான் ஒருத்தி சொல்லாம இருந்தா,” என்றாள் அம்மா. “நல்லவதான்.” அடுத்த சட்டையை எடுத்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய். காலை, பள்ளி வாசல் திறக்கும் முன்

பேச வராது. அதனால் இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் மேஜையில் வைக்கிறேன், பெரிய மிஸ். பள்ளிக்கூட நோட்டைக் கிழிப்பதற்கு மன்னிக்க வேண்டும். மற்ற பக்கங்களையும் கேட்டால் தருகிறேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நாள் 1 முதல் அவள் பெயருக்கு எதிரே இருக்கும் எல்லா டிக்கும் பொய், எல்லாம் நான் போட்டவை. “படம்” என்ற ஒரு சொல்லை மட்டும் அவளே படித்தாள். அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாள், அதையும் மீறுகிறேன்.

என்னை என்ன செய்தாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் அப்பா வருவதற்கு முன்னால் சான்றிதழில் அந்த வரியை அடித்துவிட்டு, “வாசிக்க இன்னும் கற்றுக்கொடுக்கப்படவில்லை” என்று எழுதிக் கொடுங்கள்.