வேலி தோட்டமான கதை

ஹில்ட்யே,

அன்று உன் முனைவர் பட்டத் தேர்வு அவையில், "அந்தக் கடிதங்களைக் கண்டெடுத்தது நான்" என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு வழக்கப்படி, தேர்வில் துணை நிற்கும் தோழி வாய் திறப்பதில்லை. கறுப்பு உடையில் பக்கத்தில் நிற்பதே அவள் வேலை. "நீ நின்னா போதும்டி, மயங்கி விழுந்தா பிடிச்சுக்கோ" என்று சிரித்தாயே.

ஜெர்மன்காரர்களுக்கு 'ட்சவுன்' என்றால் வேலி, டச்சுக்காரர்களான நமக்கு 'டாய்ன்' என்றால் தோட்டம், ஆங்கிலேயர்களுக்கு 'டவுன்' என்றால் ஊர்: எல்லாம் ஒரே பழஞ்சொல்லிலிருந்து வந்தவை. அது வேலியிலிருந்து தோட்டத்துக்கு நகர்ந்ததைக் காட்டும் ஃப்ரீஸ்லாந்துப் பண்ணைக் கடிதங்களை உன் சமையலறையில் உனக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன்.

பேராசிரியர் கேட்டார்: "அருமையான சான்றும்மா. எங்க கிடைச்சுது?"

"நானே தேடி எடுத்தேன் சார். ரெண்டு குளிர்காலம் ஆச்சு" என்றாய்.

அந்த இரண்டு குளிர்காலமும் என்னுடையவை. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு விருந்தில், "ஏன்டி உம்முனு இருக்க? கேக் எடுத்துக்கோ" என்றாய். எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் என் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் ஆய்வு நூலில் ஏற்கெனவே வந்ததையே நான் எழுதியிருக்கிறேனாம்.

உன் பக்கத்தில் நின்றவள்