எந்தக் கியரைப் பூட்டுவது, அண்ணை?

கையில் எண்ணெய்க் கறையோடேயே சோற்றுக்கு உட்காரும் என் அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது, ஆண்டுத் திவசமும் முடிந்தது. வந்த சனம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. நான்தான் உங்களிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை. சொல்ல இருப்பதைவிடக் கேட்க இருப்பது கூட. நாலு பேர் வாசிக்கிற இடத்தில் இதைப் போடுகிறேன் என்று கோபிக்காதீர்கள். உங்களைத் தெரிந்த யாராவது, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லமாட்டார்களா என்ற ஆசையும் இருக்கிறது.

கேட்க இருப்பது உங்கள் காரைப் பற்றித்தான்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் கிழமை, உங்கள் கோட் பையில் இருந்த கராஜ் திறப்பை எடுத்துக்கொண்டு கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். ரயில் பாலத்துக்குக் கீழே நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கராஜுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. உள்ளே அந்தக் கரும்பச்சை அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டரும் இரண்டே கதவுமாக, நாலு இரும்புத் தாங்கிகளில் ஏறி நின்றது. அதன் கியர்ப்பெட்டியைக் கழற்றி நிலத்தில் வைத்திருந்தீர்கள். பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டையின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மேசையில் இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சோடிப் பல்சக்கரம். ஒன்றின் மேல் 4.10 என்றும் மற்றதில் 3.08 என்றும் உங்கள் கையெழுத்து. மூலையில் மூடிய சட்டி மாதிரி இரண்டு இரும்பு உருண்டைகள், ஒன்று சிறிது, ஒன்று பெரிது. எதற்கு எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் எந்தச் சாமானையும் இரண்டாக வாங்குகிற ஆள் இல்லையே.

இடத்துக்குச் சொந்தக்காரர் மூன்று மாதத்துக்குள் காலி செய்யவேண்டும் என்றார். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கவா, விற்கவா, பூட்டி முடிக்கவா என்று தெரியாமல் செல்வம் அண்ணையைக் கூப்பிட்டேன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து ஸ்ட்ரெதமிலேயே தங்கிவிட்ட உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி. செத்தவீட்டில் எல்லாரையும்விடக் கூட அழுதவர் அவர்தான்.

அவர் அந்தப் பல்சக்கரங்களை என் கையில் தந்து விளக்கினார். 4.10 சோடியில் சின்னச் சக்கரம் நாலு தசம் ஒன்று சுற்றுச் சுற்றினால்தான் காரின் சில்லு ஒரு தரம் சுற்றுமாம். அப்படியானால் கார் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து புறப்படும், ஆனால் மோட்டர்வேயில் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். மூன்று தசம் பூச்சியம் எட்டு என்றால் புறப்பாடு மெதுவு, நீண்ட ஓட்டத்துக்குச் சுகம். இலக்கம் கூடக்கூட ஓட்டம் குறையும் என்பதே எனக்குப் பிடிபட ஒரு கிழமை எடுத்தது. ஊரில் ஏழு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான்.

அந்த இரும்பு உருண்டைகளின் பெயர் டோர்க் கொன்வேட்டர். ஆட்டோமேட்டிக் காரில் கிளச் இருக்கிற இடத்தில் இது இருக்கும், உள்ளே எண்ணெய் சுழன்று எஞ்சினின் பலத்தைக் கியர்ப்பெட்டிக்குக் கொடுக்கும் என்றார். சின்னது எஞ்சினை மூவாயிரம் சுற்று வரைக்கும் முறுகவிட்டு அதற்குப் பிறகுதான் காரை முழுமூச்சாகத் தள்ளும். பெரியது எஞ்சின் கொஞ்சம் முறுகினதுமே பிடித்துக்கொள்ளும். சின்னதுதான் முரடு, பெரியதுதான் சாது. இதுவும் தலைகீழ்தான்.

“இவர் எதைப் பூட்ட இருந்தவர்?” என்று கேட்டேன்.

“இதுல என்ன சந்தேகம்? ரேஸ்தான் லா. கால் மைல், நேர் ரோடு. நாலு தசம் ஒண்ணும் சின்ன கொன்வேட்டரும். என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காரு.”

அப்படியானால் மற்றச் சோடி எதற்கு என்று கேட்டேன். அவர் பெட்டியை மூடினார்.

வால்தம்ஸ்டோவில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டி மட்டும் திருத்துகிற ஆர்தர் என்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் நீங்கள் போய்வந்திருக்கிறீர்கள். செல்வம் அண்ணைதான் விலாசம் தந்தார். நான் போய் உங்கள் பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. கார் எதற்கு?

எனக்கு எரிச்சல் வந்தது. எந்தச் சோடி சரி என்று சொல்லுங்கள், பூட்டித் தாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எது சரி என்று ஒன்றும் இல்லை, காரின் பாரம், சில்லின் உயரம், எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டு, எல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போகவேண்டும், அதற்கு முதல் கார் எங்கே போகப்போகிறது என்று தெரியவேண்டும் என்றார். அது தெரியாமல் பூட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை பிடிக்குமாம். நீங்கள் எஞ்சினுக்குள் போட்டிருந்த கேம் பந்தயத்துக்கானது. அதோடு பெரிய கொன்வேட்டரைப் பூட்டினால், சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் திணறி நின்றுவிடும். சின்னதைப் பூட்டி மூன்று தசம் பூச்சியம் எட்டைப் போட்டால், மோட்டர்வேயில் எண்ணெய் வழுக்கி வழுக்கிக் கொதித்துக் கியர்ப்பெட்டி எரிந்துபோகும்.

“இதெல்லாம் என்ரை அண்ணைக்குத் தெரியாதோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

தன்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றார் ஆர்தர். மூன்று வருடத்துக்குள் நாலு தரம் வந்தீர்களாம் நீங்கள். முதலில் சின்னதை எடுத்துப்போனீர்கள். ஆறு மாதம் கழித்து வந்து பெரியது வேண்டும் என்றீர்கள். பிறகு திரும்பவும் சின்னதற்கே எல்லாம் மாற்றப்போகிறேன் என்று கேமை வாங்கிப் போட்டீர்கள். கடைசியாக வந்து, கேமைக் கழற்ற எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டீர்கள். பெரியது எதற்கு என்று அவர் கேட்டபோது, அபர்டீனுக்குப் போய்வர என்று சொன்னீர்களாம்.

அண்ணை, ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லவேண்டும். நான் குழம்புகிறவள், நீங்கள் குழம்பாதவர் என்பதுதான் நம் வீட்டுச் சட்டம். லண்டனுக்கு வா என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள், வந்தேன். மூன்று தரம் கியர் கார் ஓட்டிப் பரீட்சையில் தவறியபோது, “உனக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி, பிள்ளை” என்றீர்கள், அந்த லைசென்ஸை எடுத்தேன். எனக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சையும் என்னைக் கேட்காமலே வேண்டாம் என்றீர்கள். அண்ணைக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். அப்படிப்பட்டவர் ஒரு சோடிப் பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் தத்தளித்திருக்கிறார் என்றால் நான் எதை நம்புவது?

செல்வம் அண்ணையிடம் அபர்டீன் என்ற சொல்லைச் சொன்னதும் அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அங்க ஒரு நர்ஸ் இருக்காங்க. ஜெயராணின்னு பேரு. உங்க ஊர்ப்பக்கம்தான். புருஷன் சண்டையில போயிட்டாரு. உங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் போன்ல பேசுவாரு, என் வீட்டிலேர்ந்து. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு.”

அவர் தந்த இலக்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். தொலைபேசியை எடுத்தேன்.

“நான் சிவநேசன்ரை தங்கச்சி, மைதிலி.”

“தெரியும்” என்றது அந்தக் குரல். “உங்கடை குரலும் அவரின்ரை மாதிரித்தான்.”

செத்தவீட்டுச் செய்தி கிடைத்ததா என்று கேட்டேன். செல்வம் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். “வரத்தான் நினைச்சனான். வந்து எந்த முறையிலை நிக்கிறது சொல்லுங்கோ.” பிறகு அவரே சொன்னார். முதலில், தங்கச்சியின் கலியாணக் காரியம் முடியட்டும், வாறன் என்றீர்களாம். அதற்குப் பிறகு, கார் முடியட்டும், அதிலேயே வாறன் என்றீர்களாம். மூன்று வருடமாகக் கார் முடியவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது, அண்ணை. என் காரியம் முடியவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொண்டு, இங்கே எனக்கு வந்த பேச்சுகளை நீங்களே தட்டினீர்கள். மாப்பிள்ளைகள் சரியில்லாமல்தான் தட்டினீர்களா? அல்லது என் காரியம் முடிந்துவிட்டால் அபர்டீனுக்குப் போகவேண்டி வரும் என்று பயந்தா? ஒரு நாள் முதலாவது சரி என்று படுகிறது. அடுத்த நாள் இரண்டாவது. பந்தயக் கேமைப் போட்டுவிட்டு, அதைக் கழற்ற எத்தனை நாள் என்று கேட்ட மனிசனிடம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறது?

அடுத்த சனிக்கிழமை ஆர்தரிடம் போய், கார் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொன்னேன். அபர்டீனுக்கு.

பந்தயக் கேமைக் கழற்றி அந்தக் காருக்குரிய பழைய கேமைப் போடச் சொன்னேன். பெரிய கொன்வேட்டர். மூன்று தசம் பூச்சியம் எட்டு. செல்வம் அண்ணை கராஜ் வாசலில் நின்று கெஞ்சினார். “அந்த கேமை எடுத்துட்டா வண்டியோட உயிரே போயிரும், மைதிலி. நடுவுல ஏதாவது போடலாம். மூணரைக்குக் கிட்ட கியர் இருக்கு, கொன்வேட்டரும் நடு சைஸ்ல எடுக்கலாம், ரெண்டுக்கும் ஆகும்.”

அது நல்ல யோசனைதான், பெரும்பாலும் அதைத்தான் பூட்டுவார்கள் என்று ஆர்தரும் சொன்னார். நான் ஒரு நிமிசம் தடுமாறினேன். பிறகு, “இல்லை செல்வம் அண்ணை. ரெண்டுக்கும் ஆகிறதெண்டால் நானும் அவரை மாதிரி ரெண்டையும் யோசிச்சுக்கொண்டு இருப்பன். கார் ஓடப்போறது நான். ஒரு இடத்துக்குத்தான் போகப்போறன்” என்றேன். அவர் இரண்டு நாள் கராஜ் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஆர்தரோடு சேர்ந்து கியர்ப்பெட்டியைத் தூக்கிப் பூட்டினார்.

இரண்டு நாள் கார் ஓடினேன். தனியத்தான். நியூகாசிலில் ஒரு இரவு தங்கினேன். எழுபது மைல் வேகத்தில் எஞ்சின் இரண்டாயிரத்து எழுநூறு சுற்றுக்குச் சற்று மேலே நிற்கவேண்டும் என்று முதலே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முள் சரியாக அந்த இடத்தில் வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அந்த ஆயிரம் மைல் போய்வந்ததில் எனக்கு விளங்கிய ஒரே விசயம் அதுதான்.

ஜெயராணி அக்கா நேர்ஸ் உடுப்புக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையோடு படியிறங்கி வந்தார். உங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும் போலிருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின்பக்கத்தில் கையை வைத்தார்.

“அப்ப, உண்மையாவே ஒரு கார் இருந்திருக்கு” என்றார்.

“என்னக்கா?”

“கடைசி ஒரு வருசமா நான் அதை நம்பேல்லை. வர மனமில்லாமல் கார் எண்டு ஒரு கதை சொல்லுறார் எண்டு நினைச்சன். ஒருக்கால் அதைக் கேட்டும் போட்டன். அவர் ஒண்டும் பேசேல்லை. அதுதான் கடைசியாக் கதைச்சது.”

உள்ளே போய்ச் சோறு போட்டார். மீன் குழம்பில் உறைப்பு என்றால் உறைப்பு. சாப்பிட்டு முடியும் வரை ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போனவர், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

“சொல்லும் மைதிலி. அவர் வர இருந்தவரோ?”

ஓம் என்று சொல்ல வாய் வந்தது, அண்ணை. இவ்வளவு தூரம் கார் ஓடி வந்ததே அதற்காகத்தான் போலவும் இருந்தது. பெரிய கொன்வேட்டர் வாங்கியதைச் சொல்லலாம். கேமைக் கழற்றக் கேட்டதைச் சொல்லலாம். ஆனால் மேசையில் இரண்டு பெட்டியும் இருந்ததே. லண்டனிலிருந்து அங்கே ரயில் ஓடுகிறதே. காலையில் ஏறினால் பின்னேரம் இறங்கலாமே. அதில் ஏன் நீங்கள் ஏறவில்லை?

“எனக்குத் தெரியேல்லை அக்கா” என்றேன்.

அவர் குழாயைப் பூட்டினார். திரும்பி வந்து என் முன்னால் இருந்தார்.

“செல்வம் ஓம் எண்டு சொன்னவர். கோயில் ஐயர்கூட ஓம் எண்டு சொன்னவர், அவருக்கு என்ன தெரியும்? தெரியேல்லை எண்டு சொன்னது நீர் மட்டும்தான்” என்றார். “இண்டைக்கு நிண்டுபோட்டுப் போம்.”

மூன்று நாள் நின்றேன். உங்களைப் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்குத் தெரியாது. நான் சொன்னதில் பாதி அவருக்குத் தெரியாது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தாலும் முழு ஆள் வரவில்லை.

அவர் வருகிற மாதம் ரயிலில் லண்டனுக்கு வருகிறார். ஒரு கிழமை என்னோடு நிற்பார். காரை விற்கவில்லை. வேலைக்கு அதில்தான் போய்வருகிறேன், பெற்றோலைக் குடிக்கிறது. போன கிழமை வேலையிடத்தில் ஒருவர், காரைப் பார்த்துவிட்டுக் கதை கொடுத்தார். யாரையும் கேட்காமல் அவரோடு தேத்தண்ணி குடிக்கப் போனேன். அதைப் பற்றி இப்போதைக்கு அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணை. நீங்கள் ஏன் போகவில்லை என்பதற்கு நானாக ஒரு காரணத்தைக் கட்டி அந்த மனிசிக்குச் சொல்லமாட்டேன். நல்ல காரணமும் சொல்லமாட்டேன், கெட்ட காரணமும் சொல்லமாட்டேன். எனக்கே ஆறுதலாக இருக்கும் என்றாலும் சொல்லமாட்டேன். நீங்கள் குழம்பியபடி இருந்ததை, குழம்பியபடியே வைத்திருப்பேன்.

உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கச்சி,
மைதிலி
வால்தம்ஸ்டோ