பின்பக்கத்துக் கவிதைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் போட்ட என் வீட்டுக்காரரின் கவிதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டையில் அவர் சிரிக்கிறார்; வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததாக நினைவில்லை.

சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவர் இறந்துபோன மறுவாரம் மேசையிலிருந்த தாள்களையெல்லாம் அச்சிட அள்ளிக்கொண்டு போனீர்கள். கை நடுக்கம் வந்தபின் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வேண்டாமென்று ஒதுக்கிய தாளின் பின்பக்கத்தில் நானும் ஏதோ கிறுக்குவேன். அது உங்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அவர் பெயரில் அச்சாகிவிட்டது. இருபத்தொன்பதில் பதினெட்டு என்னுடையவை, அண்ணா. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுங்கள்.

அன்புத் தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் படித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுபதிப்பு அச்சில் ஏறிவிட்டது. மரணத்தோடு பேசிய கவிஞர் என்று பத்திரிகைகள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகின்றன. இப்போது போய் மறுத்தால் யார் நம்புவார்கள்? எல்லாம் ஒரே கையெழுத்து. புருஷன் புகழில் பங்கு கேட்கிறாள் என்று உன்னைத்தான் கிழிப்பார்கள். பேசாமல் இரும்மா. புதிதாக எழுதி உன் பெயரில் பத்திரிகைக்கு அனுப்பேன்.

நினைவுக்கல்லில் ‘கதவைத் திற, நான் போக வேண்டும்’ என்ற வரியை வெட்டக் கொடுத்திருக்கிறோம். மே இருபது திறப்பு. நீதான் திரையை விலக்க வேண்டும்.

அண்ணன்

மே 2

அண்ணா,

நீங்கள் சொன்னபடி நான்கு கவிதைகளை அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டன. கணவரின் கடைசிப் புத்தகத்தை இப்படியா காப்பி அடிப்பது என்று ஆசிரியரின் அறிவுரை வேறு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த வரி சாவைப் பார்த்துச் சொன்னதல்ல. நான் வாசலைத் தாண்டினாலே அவர் படுக்கையிலிருந்து மணி அடிப்பார். மூன்று வருஷம் என்மேல் வெளிக்காற்று படவில்லை. ஒரு மதியம், அவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்தேன். அன்று எழுதியது அது. அதை அவர் நினைவுக்கல்லில் வெட்டி, நானே திறக்கவும் வேண்டுமா? படித்தபோது உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?

தங்கை

மே 10

தங்கச்சி,

வந்தது. எச்சில் தட்டைப் பற்றிய கவிதையிலேயே வந்தது. முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் ஒரு டம்ளர்கூடக் கழுவிப் பார்த்ததில்லை. முன்பக்கங்களில் சரக்கு இல்லையம்மா. அவற்றை மட்டும் போட்டிருந்தால் அவன் பெயர் கெட்டிருக்கும். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இருபதாம் தேதி கார் அனுப்புகிறேன்.

அண்ணன்

மே 16

பதிப்பாளர் அவர்களுக்கு,

கார் வேண்டாம். திரையை நீங்களே விலக்குங்கள். இதையும் அவருடைய தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். திருப்பிப் பாருங்கள். சாவதற்கு ஒரு மாதம் முன்பு உங்களுக்கு எழுதச் சொன்னது: “பின்பக்கம் இருக்கறதெல்லாம் அவளோடது. என்னோடதைவிட நல்லா இருக்கு. அவ பேர்லயே போடு.” கூச்சப்பட்டு அனுப்பாமல் ஒளித்து வைத்தேன். அவர் படித்திருக்கிறார் என்பதே அன்றுதான் தெரிந்தது. கதவைப் பற்றிய அந்தக் கவிதையையும் படித்திருப்பார்.

இதுவும் என் கையெழுத்துதான். ஊர் நம்பாது. நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் அனுப்புகிறேன்.

இருபதாம் தேதி கூட்டத்தோடு நிற்பேன். அந்த வரியைப் படித்து எல்லாரும் அவருக்காக அழுவார்கள். நானும் அழுவேன். எதற்கென்று உங்களுக்கு மட்டும் தெரியும்.

கவிஞரின் மனைவி