புது ஓடு

பசுவந்தனை, 1983

அன்புள்ள மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மழைதான் இல்லை, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. போன மாதம் சேர்ந்த சத்துணவுக்கூடச் சமையல் வேலை பழகிவிட்டது. பிள்ளைகள் என்னைச் 'சோத்து அத்தை' என்று கூப்பிடுகிறார்கள்.

நேற்று பட்டாசு ஆலை மேஸ்திரி தங்கசாமி அண்ணாச்சி வந்தார்.

"முதலாளி ஒன்ன வேலைக்குக் கூப்பிடுதாவ. இங்கன வாங்குததுக்கு ரெண்டு பங்கு சம்பளம்."

"எந்தக் கொட்டகையில அண்ணாச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதே கொட்டகைதான். தீப்பிடிச்ச பெறகு புது ஓடு போட்டாச்சு தாயி."

உன் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டுமே என்று நினைத்தேன். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கொட்டகை தீப்பிடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பாதத்தை மட்டும் பார்த்து, "இது அப்பாதான்" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. இன்னொரு முறை உன்னை அப்படிக் கொண்டுபோய் நிறுத்த எனக்குத் துணிவில்லை.

"நான் வரல அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருஷப் படிப்புக்கு என்னிடம் வழியில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டு வந்துவிடு. வந்து, ஆத்திரம் தீர என்னைத் திட்டு. திட்டுவதற்கு அம்மா இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா