ஆளில்லாத கோயில்

சனிக்கிழமை இரவு, புக்கிட் ரோத்தான்.

எழுதப் பழகுவதற்காக நான் வருஷக்கணக்கில் படித்து வரும் பயண வலைப்பூ அது. இன்றைக்கு அதில் எங்கள் தோட்டத்து மாதா கோயில் வந்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் திறந்தேன். தலைப்பே ‘கைவிடப்பட்ட கோயில்’. “போனவர்கள் புனிதர்களின் முகத்தைக்கூட மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறான் அந்த வலைப்பூக்காரன். பாவி, வரி அழகாக வேறு இருக்கிறது.

போன மாதம் பெரிய வெள்ளியன்று காலையில் வந்திருக்கிறான். அன்றைக்கு இயேசுவின் இறப்பை நினைத்துச் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி, பீடத்தை வெறுமையாகத்தான் வைப்போம். வழிபாடு மாலையில்தான். யாரையாவது கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். கோயில் கமிட்டியில் இருக்கிறார். தோட்ட மேனேஜர் அதே கட்டுரையை அவருக்கு அனுப்பி, “யாரும் வராத இடம்தானே, இடித்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடலாமா?” என்று கேட்டாராம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“அந்த ஆள் எழுத்தை நீதானே தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடுன? இப்ப நீயே பதில் எழுது லா!” என்று என்னிடம் கத்தினார்.

பின்னூட்டம் எழுதி எழுதி அழித்தேன். கோபத்தில் ஒரு வரியும் நிற்கவில்லை. மறுபடியும் படங்களைப் பார்த்தேன். கடைசிப் படத்தில் கோயில் வாசல். படியோரம் ஒரு ஜோடி நீலச் சிலிப்பர். ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது.

என்னுடையதுதான். அப்போது நான் பின்னறையில் ஈஸ்டருக்காக மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் வெளியே வந்திருப்பேன்.