மூன்றாவது தீப்பெட்டி

பிப்ரவரி 3

அன்புள்ள முதலாளிக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலம்தானே? தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் உருகிவிடுவேன். எழுத்தில்தான் என் கோபம் கலையாமல் நிற்கிறது.

ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கியிருக்கிறேன். உடம்பு மட்டும்தான், லென்ஸ் இல்லை. நீங்கள் சுவரில் அடித்து உடைத்தீர்களே, அதே மாடல். வீட்டை விட்டு வந்து சேர்ந்த இந்தப் பத்திரிகை ஆபீசில் ஆளாளுக்குக் கேலி. "இன்னும் ஃபிலிம் கழுவிக்கிட்டு இருக்கீங்களே, வேற வேலை இல்லையா?" என்கிறார் ஆசிரியர். எனக்கு இதுதான் கை பழகியது, என்ன செய்ய?

நம் பீரோ மேல்தட்டில் லென்ஸ் மூன்றும் இருக்கும். முப்பத்தைந்து எம்.எம். லென்ஸை அனுப்புங்கள். இங்கே லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் தொடங்கப் போகிறது. அவர்கள் வேலை செய்யும் கிடங்கின் முதலாளி அடியாட்களை இறக்குகிறார் என்று பேச்சு. முப்பத்தைந்து இருந்தால்தான் ஆளுக்குப் பக்கத்தில் நின்று எடுக்க முடியும். எட்ட நின்று எடுத்தால் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. உங்களுக்குத் தெரியாததா?

உங்கள்
சண்டைக்காரி


பிப்ரவரி 9

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

கோபமாகவாவது எழுதினாயே, அதுவே பெரிய உபகாரம். அம்மா உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். சுவர் வரும் இடத்தை மட்டும் முழுங்கிவிட்டேன்.

சுவரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. பூசவில்லை. அன்று நீ தடியடியில் மாட்டி, மண்டையிலிருந்து ரத்தம் புடவை வரைக்கும் ஒழுக வந்து நின்றாய். வந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, "ஃபிலிம் நனையல" என்றாய். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. உன்னை அடிக்க முடியாமல்தான் அதை அடித்தேன். அது தப்புத்தான். நூறு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் ஒரு தடவை சொல்கிறேன்.

கோபப்படாதே, தொண்ணூறைத்தான் அனுப்புகிறேன். நீ சாலைக்கு இந்தப் பக்கம் நில். அடிதடி அந்தப் பக்கம் நடக்கட்டும். முகம் தானாகப் பெரிதாக வரும், நீ கிட்டே போக வேண்டாம். எனக்காக இந்த ஒன்றைச் செய்.

பார்சலில் குலுங்கியிருக்கும். நம் கேமரா ரிப்பேர் கடை வழக்கப்படி தீப்பெட்டி வைத்துப் பார். ஐந்து பெட்டியைச் சாய்வாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கி, மூன்றாவதில் ஃபோக்கஸ் செய்து எடு. இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லையே, மேலே உள்ள ஜன்னல் வழியாகத்தானே பார்க்கிறோம். லென்ஸில் கோளாறு இருந்தால் ஃபிலிம் கழுவும்வரை தெரியாது.

இன்னொன்று. தம்பி உன் ஊரில்தான் ஏதோ கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வந்தால் ஒரு வேளை சோறு போடு. என்மேல் உள்ள கோபத்தை அவன் தட்டில் காட்டாதே.

உன்
முதலாளி


பிப்ரவரி 20

அன்புள்ள முதலாளிக்கு,

தொண்ணூறு வந்தது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. உங்களிடம் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது புதிதா? தீப்பெட்டி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பெட்டி பளிச்சென்று வந்தது, உங்களைக் குறை சொல்ல வழியில்லை.

ஆனால் ஜன்னலுக்குள் இதற்கான கட்டம் தபால்தலை அளவுதான் இருக்கிறது. சுற்றிலும் தெரு முழுக்கத் தெரிகிறது, யார் வருகிறார், யார் போகிறார் என்று. நடுவில் உள்ள அந்தத் துண்டுதான் படமாகிறது.

சின்னவன் வந்தான். மூன்று தட்டு சாப்பிட்டான். சின்ன வயதில் உடைந்த அந்த இடது காலை இன்னும் வீசி வீசித்தான் நடக்கிறான். கிடங்கில் ஆட்களை மேய்க்கிற வேலையாம். மோட்டார் சைக்கிளில் இரும்புக் கம்பி ஒன்று கட்டியிருந்தது. "எதுக்குடா இது?" என்றேன். "நாய் தொல்லை அண்ணி" என்றான். சிரிக்கவும் செய்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கண்டியுங்கள்.

உங்கள்
சண்டைக்காரி


மார்ச் 6

அன்புள்ள முதலாளிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது.

உங்கள் பேச்சைக் கேட்டு எட்டத்தான் நின்றேன். கிடங்குக்கு எதிர்ப்புறம், டயர் கடையின் மாடியில். கீழே ஓட்டுநர்கள் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கச் செயலாளர் எழுந்து பேச ஆரம்பித்தார். வயதானவர், நாற்பது வருஷமாக லாரி ஓட்டியவர். அவர் முகத்தில் ஃபோக்கஸ் வைத்தேன்.

அப்போது கட்டத்துக்கு வெளியே ஒருவன் ஓடி வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். இடது காலை வீசி வீசி ஓடி வந்தான்.

கட்டத்துக்குள் அவன் வருவதற்கு முன்பே எனக்கு யாரென்று தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன். முதல் அடி தோளில். அவர் கையைத் தூக்கினார், இரண்டாவது அடியில் அந்தக் கை தொங்கிவிட்டது. மூன்றாவது தலையில். சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தான். காலால் முகத்தைத் திருப்பிப் போட்டு அடித்தான். நான் அழுதுகொண்டே ஃபிலிமைத் தள்ளித் தள்ளி எடுத்தேன். நம் வீட்டில் சோறு தின்ற பிள்ளை. மேலெல்லாம் ரத்தம் தெறித்து, வாயைத் திறந்துகொண்டு நின்றான். அப்போதுதான் தலையைத் தூக்கினான், என்னைப் பார்த்தான்.

மாடிக்கு ஓடி வந்தான். "அண்ணி, அதக் குடுங்க" என்றான். கொடுக்கவில்லை. கையை முறுக்கினான். எலும்பு முறிகிற சத்தத்துக்குப் பிறகும், "குடுங்க அண்ணி, சொன்னாக் கேளுங்க" என்றான். மரியாதை குறையவே இல்லை. கேமராவைப் பிடுங்கி, பின்பக்கம் கதவைத் தேடித் தேடிப் பார்த்தான். இது அடிப்பக்கம் திறக்கிற கேமரா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நம் கடைக்குள் அவன் ஒருநாளாவது ஒழுங்காக உட்கார்ந்திருந்தால்தானே? டயர் கடை ஆட்கள் ஜாக்கியோடு ஏறி வந்ததும் போட்டுவிட்டு ஓடினான்.

செயலாளர் செத்துவிட்டார். அவர் மனைவி நேற்று வந்தாள். அழவில்லை. "மூஞ்சி தெரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் கழுவவில்லை என்று பொய் சொன்னேன்.

கழுவிவிட்டேன். முகம் தெரிகிறது. புருவத்துத் தழும்புகூடத் தெரிகிறது. நான் எட்ட நிற்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய லென்ஸ், அவனைத்தான் கிட்டே கொண்டுவந்திருக்கிறது. நெகட்டிவ் டீத்தூள் டப்பாவில் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்கிற நிலையில் இருக்கிறேன்.

உங்கள்
சண்டைக்காரி


மார்ச் 12

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்து அடுக்களையில் நின்று அழுதேன். அவன் கையை வெட்டிப் போடலாம் என்று இருந்தது. ஆனால் அவன் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறான். ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிட்டான். அவனைப் போலீஸ் கொண்டுபோனால் அம்மா பிழைக்க மாட்டாள். நீயும் அவளுக்கு மகள்தான்.

கிடங்கு முதலாளியின் ஆட்கள் கடைக்கு வந்தார்கள். கண்ணாடி முழுவதும் போய்விட்டது. என்னைச் சுவரோடு சாய்த்து, தொண்டையில் முக்காலியின் காலை வைத்து அழுத்தி, நெகட்டிவ் எங்கே என்று கேட்டார்கள். இரண்டு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. அடுத்த தடவை அம்மாவைக் கேட்பார்களாம்.

செத்தவர் திரும்பி வரமாட்டார். நெகட்டிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. பள்ளத்தைப் பூசிவிடுகிறேன். கடைப் பலகையில் உன் பெயரையும் எழுதுகிறேன். இனிமேல் நீ எங்கே போனாலும் எதை எடுத்தாலும் ஏனென்று கேட்கமாட்டேன்.

நம்பிக்கைக்காக, நீ ஆசைப்பட்ட முப்பத்தைந்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். நானே துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தது. இருபத்தொன்றாம் தேதி கிடங்கு வாசலில் கண்டனக் கூட்டமாமே. கை சரியாகவில்லையென்றாலும் உன்னைத் தடுக்கவா முடியும்? போ. இதைப் போட்டுக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கிட்டே போய் எடு. கிடங்கு முதலாளியின் ஆட்களும் வருவார்கள், ஒவ்வொருவன் முகத்தையும் எடு. அந்தத் தொண்ணூறு உனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிவிடு. கூட்டம் முடிந்ததும் ஊருக்கு வண்டி ஏறு.

உன்
முதலாளி


மார்ச் 19

முதலாளிக்கு,

பார்சல் வந்த அன்றே பையைக் கட்டிவிட்டேன். டீத்தூள் டப்பாவும் பைக்குள் போயிற்று. அத்தையின் முகம்தான் கண்ணில் நின்றது. உங்கள் தொண்டையை நினைத்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, அதுவும் உண்மை.

முப்பத்தைந்தைக் கையில் எடுத்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கட்டுப் போட்ட கையாலேயே திருகிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. உங்கள் கை வேலை என்று தெரிந்தது.

ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. எட்ட நில் என்று கெஞ்சியவர் நீங்கள். ரத்தத்தைப் பார்த்து மூளை கலங்கிக் கேமராவையே உடைத்தவர். கம்பியோடு ஆட்கள் வருகிற கூட்டத்துக்கு இப்போது "கிட்டே போய் எடு" என்கிறீர்கள். நீங்கள் எழுதுகிற வாக்கியமே இல்லை அது.

தீப்பெட்டி அடுக்கினேன். மூன்றாவதில் ஃபோக்கஸ் வைத்தேன். ஃபோக்கஸ் சேரும்வரை ஜன்னலில் இரட்டையாகத் தெரிகிற பிம்பங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நின்றன, ஒரு குறையும் இல்லை. குளியலறையில் ஒற்றைக் கையால் ஃபிலிம் கழுவினேன். மூன்றாவது பெட்டி கலங்கிக் கிடந்தது. ஐந்தாவது பெட்டியில் குச்சி உரசின கோடுகூடத் தெரிந்தது. பார்சலில் குலுங்கியிருக்கும் என்று உங்களுக்காக நானே வாதாடினேன். இரண்டாவது ரோல் போட்டேன். அதிலும் ஐந்தாவதுதான்.

பின்வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். லென்ஸை ஃபிலிமிலிருந்து சரியான தூரத்தில் நிறுத்த அடியில் இருக்க வேண்டிய மெல்லிய தகடு இல்லை. திருகாணிகள் நான்கும் மட்டும் பத்திரமாக முடுக்கியிருந்தன. குலுங்கினால் திருகாணி கழன்று தகடு வெளியே வந்து, திருகாணி மறுபடி தானாக முடுக்கிக்கொள்ளுமா?

நான் அவர்கள் மூக்குக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்து கழுவினால் ஒரு முகமும் தெரியக் கூடாது, கிடங்கு முதலாளிக்கு எதிராக ஒரு படமும் மிஞ்சக் கூடாது. நெகட்டிவ் உங்கள் கையில், தொண்ணூறு உங்கள் பீரோவில். நன்றாகத்தான் யோசித்திருக்கிறீர்கள்.

சுவரில் அடித்தீர்களே, அது கோபம். அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், சொல்லத்தான் வீம்பு. இது அப்படி இல்லை. மேஜை விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்ன திருப்புளியை எடுத்து, கை நடுங்காமல் செய்திருக்கிறீர்கள். பக்கத்தில் டீ ஆறியிருக்கும். உங்கள் தம்பி கம்பியால் செய்ததை நான் நேரில் பார்த்தேன். அவனுக்காவது மேல் மூச்சு வாங்கியது.

நெகட்டிவை நேற்று சங்கத்து வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இவன் யார், தெரியுமா என்று கேட்டார். என் கொழுந்தன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். அத்தைக்கும் உங்களுக்கும் காவல் போடச் சொல்லி மனுவில் சேர்த்திருக்கிறோம். அத்தையை உங்கள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கூட்டத்துக்குப் போகிறேன். தொண்ணூறைத்தான் போட்டிருக்கிறேன். அது திரும்பி வராது, நானும்.

முப்பத்தைந்தை இதோடு அனுப்புகிறேன். எடுத்த தகட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். கடைக்கு வருகிற யாராவது நம்பி வாங்கிவிடப் போகிறார்கள்.

சண்டைக்காரி