வயிற்றில் வரைந்த புள்ளிகள்

டேய் மீன்மூஞ்சி,

பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். கத்திச் சொன்னாலும் உனக்கு இனிக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

உன் ஆறு வயதில் தொண்டைப்புண் வந்தது. பெனிசிலின் கசக்கிறது என்று அழுதாய். நான் உன் வயிறு முழுக்கச் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தேன். அம்மா பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தாள். மருந்து நின்றது, நாம் போர்வைக்குள் சிரித்தோம். அன்றே உன் பெயரில் "பெனிசிலின் ஒவ்வாது" என்று பதிந்துவிட்டார்கள். ஒவ்வாமை இருந்தது எனக்குத்தான், உண்மை ஒவ்வாதவள் நான்.

பிப்ரவரியில் உன் ரத்தத்தில் கிருமி ஏறி, பெர்கன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாய்.

"பெனிசிலின் குடுத்தப்போ என்ன ஆச்சு?" என்று டாக்டர் ராக்ன்ஹில்ட் கேட்டாள்.

"வயிறெல்லாம் செவப்புப் புள்ளி" என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதானடி முதல்ல பாத்த, சொல்லு."

"ஆமா" என்றேன்.

அதனால் வேறு ஊசி மருந்தைப் பல நாள் போட்டார்கள். அது கிருமியைக் கொன்றது, உன் காது நரம்பையும் கொன்றது. பெனிசிலின் போட முடிந்திருந்தால் அந்த ஊசியைச் சீக்கிரம் நிறுத்தியிருக்கலாம் என்று ராக்ன்ஹில்ட் பிறகு சொன்னாள். அந்த ஒவ்வாமை தன் வழியாக உனக்கு வந்த கோளாறு என்று அம்மா அழுதாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. அடுத்த முறையும் உனக்குப் பெனிசிலினைத் தொடமாட்டார்கள். நாளை அம்மாவை வைத்துக்கொண்டே ராக்ன்ஹில்டிடம் சொல்லப்போகிறேன். நீயும் அங்கே உட்கார்ந்திருப்பாய், ஒரு வார்த்தையும் கேட்காமல். அதனால் முதலில் நீ படி.

அப்படிக் கூப்பிட இன்னும் மனம் வந்தால்,
உன் அக்கா